தூள் இழுக்கிற மெசினும் எனது பிழையும்



2022 தொடக்கத்தில் இந்தப் பக்கத்தில் ஒரு போட்டோ போட்டிருந்தேன். தம்பியின் தளபாடப் பட்டறையில், சக்கரம் வைத்த ஒரு மெசினுக்குப் பக்கத்தில் நானும் தம்பியும் நிற்கிற போட்டோ. "இனி எங்கட பட்டறையில் தூசுக்கு இடமில்லை" என்று கீழே எழுதியிருந்தேன். நிறையப் பேர் மாஷா அல்லாஹ் போட்டீர்கள். அந்தப் போட்டோ இன்னும் கீழே கிடக்கிறது. அழிக்க மனமில்லை. அழிப்பதைவிட, அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுவதுதான் நேர்மை என்று படுகிறது.

கொஞ்சம் நீளமான பதிவு. மர வேலை செய்கிறவர்களும், மர வேலைக்குப் பிள்ளையை விட்டிருக்கிறவர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

எங்கட வாப்பா ஓடாவி என்பது ஊருக்குத் தெரியும். முற்றத்து வேம்பின் கீழ் ஒரு பலகையும், இழைப்புளியும், நாலைந்து உளியும்தான் அவருடைய பட்டறை. இழைக்கும்போது மரம் சுருள் சுருளாகச் சீவலாக விழும். நாங்கள் அதைக் கையில் வளையலாகப் போட்டு விளையாடுவோம். வாள் தூளை உம்மா தகர அடுப்புக்குள் அடைந்து சோறு ஆக்குவா. கதவு கடகமெல்லாம் ஒரே மரமணம். வாப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் இருமல் இருந்தது. அது மரத்தூளால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பீடியும் குடித்தவர்.

தம்பியின் பட்டறை வேறு உலகம். நாலு பக்கமும் சுவர், மேலே தகரம். பிளேனர், ரவுட்டர், வட்ட வாள், சேண்டர் என்று எல்லாம் கரண்டில் ஓடுகிறது. வாப்பாவின் இழைப்புளியில் விழுந்தது சீவல். தம்பியின் சேண்டரில் பறக்கிறது மா. இந்த வித்தியாசம் எனக்கு விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

அந்த மெசினை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக் கூரை திருத்தவென்று எடுத்த இடர்கடனில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கொழும்பில் பாவித்த சாமான் விற்கிற ஒரு கடையில் பார்த்து, லொறியில் போட்டுக் கொண்டுவந்தோம். ஒரு குதிரை வலு மோட்டார். மோட்டாரின் தலையில் ஒரு காற்றாடி. ஒரு பக்கம் 4 அங்குலக் குழாய். மறுபக்கம் இரண்டு பை: கீழே தூள் சேர்கிற பிளாஸ்டிக் பை, மேலே காற்று வெளியேறுகிற துணிப் பை. உருட்டிக்கொண்டு போய் எந்த மெசினுக்குப் பக்கத்திலும் நிறுத்தலாம். குழாயைப் பிளேனரில் மாட்டி ஓட விட்டால் சீவலெல்லாம் சடசடவென்று உள்ளே போகும். அரை மணித்தியாலத்தில் பை நிறையும். நிலம் சுத்தமாக இருக்கும். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மெசின் வந்த அடுத்த வருடம், ஓலெவல் முடித்த ஒரு பையனை நானே கூட்டிக்கொண்டு போய்த் தம்பியிடம் விட்டேன். என்னுடைய வகுப்பில் படித்தவன். பெயர் வேண்டாம். உம்மா வெளிநாட்டில், உம்மம்மாவோடு இருக்கிறவன். கொப்பியில் எழுதச் சொன்னால் மேசையில் வாள் வரைகிறவன். "கைத்தொழில் படிக்கட்டும், எங்கட பட்டறையில் தூசும் இல்லை" என்று அந்த உம்மம்மாவிடம் சொன்னது இதே வாய்தான்.

போன நோன்பில், தராவீஹில் ஒரு நாள் பின் ஸப்பில் ஒரு இருமல். விடாத இருமல். ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் அவன். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவனைக் காணவில்லை. இருமலால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று வீட்டிலேயே தொழுகிறானாம். உம்மம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

"சனி ஞாயிறில சரியாகுது சேர். திங்கக்கிழமை வேலைக்குப் போனா அந்தியில திரும்பத் தொடங்குது. ராவைக்கு நெஞ்சு விசில் அடிக்கிது. ஆஸ்பத்திரியில பம்ப் குடுத்திரிக்காங்க. நீங்க விட்ட இடமெண்டபடியால நான் ஒண்டும் சொல்லல்ல."

கடைசி வசனத்தை அவ குறையாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னா. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

அடுத்த நாள் இஷாவுக்குப் பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். லைட்டை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். பிளேனரையும் தூள் மெசினையும் ஓட விட்டு, ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். வகுப்பில் ஒளி படிப்பிக்கும்போது செய்து காட்டுகிற வேலைதான்: காற்றில் தூசு இருந்தால் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியும்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. மேலே இருந்த துணிப் பையின் எல்லாப் பக்கத்தாலும் சாம்பிராணிப் புகை போல தூசு வந்துகொண்டிருந்தது. பெரிய சீவலை உள்ளே வைத்துக்கொண்டு, மாத்தூளை மட்டும் அரித்து, அறை முழுக்க நாலு பக்கமும் ஊதிக்கொண்டிருந்தது அந்த மெசின். இரண்டு வருடமாக. அதைத்தான் நான் போட்டோ எடுத்துப் போட்டேன்.

பையின் தையலோரத்தில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது: 30 மைக்ரோன். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகிற தூசு பெரியது. 10 மைக்ரோனுக்குக் குறைந்ததுதான் சுவாசக் குழாய்க்குள் இறங்கும். அதிலும் சின்னது சுவாசப்பையின் அடி வரைக்கும் போகும். 30 மைக்ரோன் துணி அதை எப்படிப் பிடிக்கும்? மீன் வலையால் நெத்தலி பிடிக்கப் பார்த்த கதைதான். பெரிய சீவல் நிலத்தில் விழுந்துவிடும், கூட்டி அள்ளலாம். இந்த மாத்தூள் மெசினை நிறுத்தின பிறகும் மணித்தியாலக் கணக்கில் காற்றில் நிற்கும். நிலம் சுத்தமாக இருக்கிறது என்று நாங்கள் ஏமாந்தது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம், மரத்தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்து 1995இல் வெளியிட்டது. புகையிலையும் கல்நாரும் இருக்கிற அதே பிரிவு. முக்கியமாக மூக்குக் குழியிலும் அதைச் சுற்றியுள்ள குடாக்களிலும் வருகிற புற்றுநோய். பயப்படுத்த எழுதவில்லை. அது வருவது அரிது, வருடக்கணக்கில் தூசுக்குள் நின்றவர்களுக்கு வருவது. ஆனால் இழுப்பும், தோல் கடியும், கண் எரிச்சலும் அரிதல்ல. முதிரை இழைத்தால் சிலருக்குக் கை தடித்துச் சொறியும் என்று எங்கட ஓடாவிமாருக்கே தெரியும். இப்போது பென்ட்ரி கபட்டுக்கு எம்.டி.எஃப் பலகை வெட்டுகிறோம். அதில் மரத்தூசோடு ஃபோமல்டிஹைட் சேர்ந்த பசையின் தூசும் வருகிறது.

தம்பி சொன்னான்: "நானா, வுழு எடுக்கக்குள்ள மூக்குக்குத் தண்ணி ஏத்திச் சீறினா ஒவ்வொரு நாளும் கபிலமாத்தான் வரும். எல்லாம் வெளிய வந்திட்டு எண்டு நான் நெனச்ச."

எனக்கும் அது உறைத்தது. வுழு மூக்கைக் கழுவும். சுவாசப்பையைக் கழுவாது. லுஹருக்கும் அஸருக்கும் கபிலமாக வந்த அந்தத் தண்ணீர், சுத்தமாகிவிட்டோம் என்பதற்கு அடையாளம் இல்லை. உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்பதற்கு அடையாளம். ஐந்து வேளையும் எங்களுக்கு முன்னாலேயே ஓடின அடையாளத்தை நாங்கள் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் தம்பி ஒத்துக்கொண்டான். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் கட்டணம் ஏறின பிறகு, பிளேனருக்கு மட்டும் அந்த மெசினைப் போட்டிருக்கிறான். சேண்டருக்குப் போடவில்லை. உண்மையில் ஆகக் கெட்ட தூசு சேண்டரில்தான். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு குதிரை வலு மோட்டார் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யுனிட் இழுக்கும். நாளைக்கு நாலு மணித்தியாலம் என்றால் நாலு யுனிட். அந்தக் காசை மிச்சம் பிடித்து, ஒரு பையனின் நெஞ்சில் செலவெழுதியிருக்கிறோம்.

"நானா, வாப்பா எத்தின வருஷம் இந்தத் தூளுக்குள்ள இருந்தவர்?" என்று கேட்டான். வாப்பா வேம்பின் கீழ் காற்றோட்டத்தில் இருந்தவர், கையால் இழைத்தவர் என்றேன். பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். இதில் பெரிய செலவு ஒன்றிரண்டுதான்.

1. மேல் பையை மாற்றினோம். 30 மைக்ரோன் பையைக் கழற்றி, 1 மைக்ரோன் பை போட்டோம். நெருக்கமான துணியில் காற்று போகக் கஷ்டப்படும். அதனால் முந்தியதைவிடப் பெரிய பையாகத் தேடி எடுத்தோம். பை அடைபட்டால் இழுவை குறையும். இழுவை குறைந்தால் தூசு மெசினுக்கு வராது, ஆளுக்கு வரும்.

2. மெசினைப் பின்பக்கச் சாய்ப்புக்கு மாற்றி, சுவரில் துளை போட்டுக் குழாயை உள்ளே எடுத்தோம். பையில் கசிவு வந்தாலும் பட்டறைக்குள் வராது. பக்கத்து வீட்டுக்காரர் உடுப்புக் காயப் போடுகிற பக்கம் அல்ல என்று பார்த்துத்தான் வைத்தோம். பை மாற்றாமல் இதை மட்டும் செய்தால் எங்கட தூசை அயலவர் வீட்டுக்கு அனுப்பின பாவம் வரும்.

3. குழாயைக் குறுக்கினோம். ஐந்து மீற்றர் குழாய் பாம்பு போலச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் இழுவை சாகிறது. இரண்டரை மீற்றர் போதும் என்று வெட்டினோம். மூட்டுகளில் டிஷு பேப்பர்த் துண்டைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே இழுக்கிற இடமெல்லாம் ஓட்டை. கிளிப் போட்டு இறுக்கினோம். இதற்குச் சாம்பிராணிக் குச்சி கொளுத்திப் பார்க்க வேண்டாம். மரத்தூசு உள்ள இடத்தில் நெருப்பு ஆகாது.

4. குழாய்க்கும் மெசினுக்கும் இடையில் மூடி இறுகிற ஒரு தகர டிரம் வைத்தோம். காற்று பக்கவாட்டில் நுழைந்து, சுழன்று, மூடியின் நடுவால் வெளியேறும். பாரமான சீவலும், தப்பித் தவறி வருகிற ஆணியும் டிரம்மில் விழுந்துவிடும். இந்த வகை மெசினில் எல்லாம் காற்றாடிக்குள்ளால்தான் போகிறது. ஆணி இரும்புக் காற்றாடியில் அடித்தால் பொறி பறக்கும். பொறி பைக்குள் விழுந்து, கண்ணுக்குத் தெரியாமல் மணித்தியாலக் கணக்கில் புகைந்து, நடுச்சாமத்தில் பட்டறை எரியலாம். நிலம் கூட்டின குப்பையை அந்தக் குழாயால் இழுக்கவே கூடாது என்று இப்போது சட்டம். இரும்பு அராவுகிற கிரைண்டரை அதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

5. சேண்டருக்குத் தனியாக ஒரு சின்ன வெக்கியூம் வாங்கினோம். முந்தி தம்பி ஒரு முறை 4 அங்குலக் குழாயில் சேண்டரின் சின்னக் குழாயை டேப் சுற்றி மாட்டிப் பார்த்திருக்கிறான், வேலை செய்யவில்லை. செய்யாது. பெரிய மெசின் நிறையக் காற்றை மெதுவான இழுவையில் எடுக்கிறது. அதற்கு அகலமான வாய் வேண்டும். சின்ன வாய்க்குக் குறைந்த காற்றைப் பலமாக இழுக்கிற வெக்கியூம் வேண்டும். அதற்குள் கடதாசிப் பையும், 0.3 மைக்ரோன் அளவில் 99.97 வீதம் பிடிக்கிற ஹெபா வடியும் இருக்கிறது. விலை கொஞ்சம் கூட. மிச்ச இடர்கடனும் அதோடு முடிந்தது.

6. ஏர்த். இது கரண்ட் வேலை செய்கிற ஒருவர் வந்து காட்டினது. பிளாஸ்டிக் குழாய்க்குள் தூசு உராய்ந்து ஓடும்போது நிலைமின் சேரும். கையை வைத்தால் சுள்ளென்று அடிப்பது அதுதான். குழாயின் கம்பிச் சுருளை மெசினின் இரும்போடும் ஏர்த்தோடும் இணைத்துத் தந்தார். எங்கட எக்ஸ்டென்ஷன் வயரில் ஏர்த் கம்பியே இருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். மெல்லிய நீள வயரில் ஓடினதால் மோட்டாரும் சூடேறிக்கொண்டு இருந்திருக்கிறது.

7. கொம்ப்ரஷர் காற்றால் உடம்பில் தூசு ஊதுவதை நிறுத்தினோம். மஃரிபுக்குப் போக முந்தி எல்லோரும் வரிசையாக நின்று ஊதிக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்கப் படிந்ததை மறுபடி காற்றில் கிளப்பி, அதையே சுவாசிக்கிற வேலை. இப்போது வெக்கியூமில் தூரிகை மாட்டி உடுப்பை இழுக்கிறார்கள். உலர்ந்த விளக்குமாறும் இல்லை.

முகமூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்து நீல முகமூடி ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் முகத்துக்கும் இடையில் விரல் போகும், மாத்தூசு போகாதா? என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை நல்லது. ஆனால் அது தோலோடு ஒட்டினால்தான் பலன். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று உள்ளே வரும். தாடியை எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. தாடி வைத்த ஓடாவிக்கு முகமூடியை நம்ப முடியாது, தூசை அது பிறக்கிற இடத்திலேயே இழுக்கிற மெசின் மற்றவனைவிட இரண்டு மடங்கு அவசியம் என்கிறேன். எங்கட ஊரில் யாருக்கு இது பொருந்தாது?

இதெல்லாம் ஒரு தடவை செய்துவிட்டு மறக்கிற வேலையும் இல்லை. என்னுடைய முதல் பிழையே அதுதான். மெசினை வாங்கினதோடு பொறுப்பு முடிந்தது என்று நினைத்தேன். வாங்குவது ஒரு நாள். பராமரிப்பு ஒவ்வொரு நாளும்.

இப்போது பட்டறையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. மரம் வெட்ட முந்தித் தூள் மெசின் ஓட வேண்டும். வெட்டி முடிந்தும் இரண்டு மூன்று நிமிடம் ஓட வேண்டும். அந்தியில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அரை மணித்தியாலம் தூசு அடங்க விட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, மேல் பையை மெதுவாகத் தட்டி, கீழ்ப் பையைக் கட்டி வெளியே எடுக்க வேண்டும். பை பாதி தாண்ட விடுவதில்லை, இரவுக்குப் பட்டறைக்குள் வைப்பதுமில்லை. பொலிஷ் துடைத்த சீலையை அந்தப் பைக்குள் போடுவதில்லை. எண்ணெய்ச் சீலை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மாதம் ஒரு தடவை காற்றாடியைத் திறந்து, சிக்கின நார் இருந்தால் எடுத்து, ஆணிகளை இறுக்கி, சத்தம் மாறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். காற்றாடியில் ஒரு சிம்பு ஒட்டினாலே மெசின் நடுங்கத் தொடங்கும்.

தூளைக் கோழிக்கூட்டுக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒன்று. எம்.டி.எஃப் தூளும், மருந்து அடித்த மரத்தின் தூளும் கலந்ததைக் கொடுப்பதில்லை. கூட்டுக்கும் ஆகாது, எரிக்கவும் ஆகாது. தனி மரத்தூளாக வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பையனைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. தம்பி அந்த இரண்டு மாதமும் அரைச் சம்பளம் கொடுத்தான். கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு, சரியென்ற பிறகுதான் எடுத்தோம். சேண்டரை இப்போதைக்கு அவன் தொடுவதில்லை. பம்ப் இன்னும் சட்டைப் பைக்குள் இருக்கிறது. முந்தியதைவிட எவ்வளவோ நல்லம், அல்ஹம்துலில்லாஹ். முழுக்கச் சுகம் என்று நான் எழுத மாட்டேன். முந்தி ஒரு தடவை பொய்யாக எழுதிப் போட்டது போதும்.

தூள் மெசின் இப்போது அவன் பொறுப்பில். அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறான். எத்தனையாம் திகதி பை மாற்றினது, எப்போது காற்றாடி பார்த்தது, இழுவை எப்படி, எல்லாம் எழுதியிருக்கிறான். என்னுடைய வகுப்பில் மூன்று வருடம் இருந்து ஒரு வீட்டுவேலை ஒழுங்காக எழுதாதவன். போன வாரம் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு நாளும் விடுபடவில்லை. பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனையைத் தேடினேன்.

அஸருக்கு வுழு எடுக்கிற பீலியில் அவனே சொன்னான்: "சேர், இப்ப தண்ணி தெளிவா வருது."

தண்ணீர் தெளிவாக வருகிறது. உள்ளே இருப்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

எங்கட ஊரில் தளபாடப் பட்டறைகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அநேகமான இடத்தில் இந்த மெசினே இல்லை. இருக்கிற இடத்தில் அந்த 30 மைக்ரோன் பைதான் தொங்கும். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, முதல் குற்றவாளி நான். ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு பட்டறையின் லைட்டை நிறுத்தி, மெசினை ஓட விட்டு, ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். டோர்ச் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது. தம்பியின் பட்டறைக்கு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வந்தால் டிரம்மையும் ஏர்த் வேலையையும் காட்டுவோம். தேத்தண்ணி உண்டு.

பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள் கொமென்ட்டில் எழுத வேண்டாம். துஆ மட்டும் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.